கேமரா பார்த்த வருடம்

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே நான் நலம். அதை நீ கைப்பேசியில் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாய், ஆனாலும் முறையை விடக் கூடாது என்று எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியாது, உங்கள் வீட்டில் எனக்குக் கேமரா இல்லை. அடுத்த மாதம் வந்து என்னை உன்னோடு நிரந்தரமாக அழைத்துப் போவதாகவும், எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் சொன்னாய். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் வியாழக்கிழமை விவகாரம். நான் வேலை பார்த்த கல்லூரியில் எனக்கு அடுத்த அறையில் இருந்த கணிதப் பேராசிரியை வந்திருந்தாள், மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டாள். அவள் அழுவது உன் கண்ணுக்குக் காட்சியாக வேண்டாம் என்று கூடத்தில் நீ மாட்டிவைத்த கேமராவின் மேல் துண்டைப் போட்டேன், போனையும் அணைத்து வைத்தேன். வாசலில் மணி அடித்தது. எதையாவது விற்க வந்தவனாக இருக்கும், இவள் அழுது முடிக்கட்டும் என்று நான் எழுந்திருக்கவில்லை. நீ கீழ்வீட்டுத் தையல்காரரை அழைத்ததும், அவர் தச்சரைக் கூட்டி வந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? பூட்டு பெயர்ந்து விழுந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு உள்ளே பாய்ந்தவர், "அம்மா, உயிரோடதான் இருக்கீங்களா?" என்றார். "இல்லப்பா, போய்ச் சேர்ந்துட்டேன், டீயைக் குடிச்சிட்டுக் கெளம்பலாம்னு உட்கார்ந்திருக்கேன்" என்றேன். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவருடைய போனில் நீ, "துண்டைப் போட்டு மூடினா நான் என்னம்மா நினைக்கிறது? உன்னைத் தனியா விட்டதே என் தப்பு" என்று விம்மிக்கொண்டிருந்தாய். அன்று எடுத்த முடிவுதான் இந்த டிக்கெட் என்பது எனக்குப் புரிகிறது.

உன் அப்பா போய் ஒரு வருடம், கேமராக்கள் வந்தும் ஏறக்குறைய ஒரு வருடம். வரலாறு நடத்திச் சம்பாதித்தவள் நான், ஒரு தரப்புச் சான்றை மட்டும் வைத்து ஒரு வருடத்தை எடைபோட மாட்டேன். உனக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் நான் தூங்கிப்போன அன்று, சுவர்க் கேமராவிலிருந்து "அம்மா, அடுப்பு! அடுப்பு!" என்று நீ போட்ட கூச்சல்தான் சமையலறையைக் காப்பாற்றியது. அதை நான் மறக்கவில்லை. முன்பெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை கடனே என்று பேசிக்கொண்டிருந்த நாம் தினமும் பேசினோம், பாதி சண்டை என்றாலும் அது பேச்சுதான். இனி என் தரப்பு. வீட்டுக்குள் நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், யாரோ தேர்வு வைப்பது போல. "மத்தியானம் ஏம்மா சாப்பிடல?" என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் பால்கனியில் நின்றபடி சாப்பிட்டிருப்பேன், அங்கே உன் கண் எட்டாது. உன் அப்பாவை நினைத்து அழ வேண்டுமென்றால் குளியலறைக்குப் போனேன். என் வீட்டில் எனக்கு மிஞ்சிய இடம் அதுதான்.

அடுத்ததைச் சொல்லாவிட்டால் என் வாதம் இன்னும் வலுவாக இருக்கும், ஆனால் எனக்குப் பாதகமான சான்றை ஒளித்து எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. போன மாதம் அந்தக் குளியலறையில் விளக்குப் போடாமல் நுழைந்து வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் கட்டைப் பார்த்து நீ கேட்டாய், நான் மாப்பிள்ளையின் கொழுப்புச்சத்துக்குப் பேச்சைத் திருப்பிவிட்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரமெல்லாம் கூடத்துக் கேமரா காலி நாற்காலியை உனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கும். ஆகவே நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, பயத்துக்கு நீ கண்டுபிடித்த மருந்துதான் சரியில்லை.

கூடத்திலும் படுக்கையறையிலும் இருந்த கேமராக்களை நேற்றே கழற்றச் சொல்லிவிட்டேன். சமையலறையில் இருப்பது இருக்கட்டும், அடுப்பு விஷயத்தில் என்னை நானே நம்புவதில்லை. கதவை உடைத்த தச்சரே குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்துக் கொடுத்தார். தையல்காரர் மனைவியிடம் மாற்றுச் சாவி கொடுத்திருக்கிறேன். தினமும் காலையில் எழுந்ததும் நானே உன்னைக் கூப்பிடுவேன். இன்னொரு முறை விழுந்தால் நீ சொல்ல வேண்டியதில்லை, நானே பெட்டி கட்டுவேன். இதை எழுத்தில் தருகிறேன், நாளைக்கு என் முகத்தில் வீசிக் காட்டலாம்.

எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதே. குளியலறைக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே செய்ய இந்த வீட்டில் எனக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. உன் வீட்டில் பயமில்லாமல் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

நீங்கள் இருவரும் உடல் நலத்தோடும், ஒருவர் பேச்சை மற்றவர் கேட்கும் பொறுமையோடும் நெடுநாள் வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: என் டிக்கெட்டை இந்த வாரத்துக்குள் ரத்து செய். உன்னுடையதை ரத்து செய்தால் பேச மாட்டேன்.

உன் வரவுக்காகப் புதுப் பூட்டோடு காத்திருக்கும்,
அம்மா