மஞ்சள் குச்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் பேக்கரிக்குப் புது அடுப்பு வந்திருக்கிறது. ரொட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் கருக்கித் தருகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அண்ணியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் பேச்சை எடுத்ததுமே போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது.

சின்னவன் கோடை முகாமுக்குப் போகிறான். அவனுக்காகப் பழைய பெட்டியை இறக்கித் துடைத்தபோது அடியில் உன் நீலத் தலைத்துணி கிடந்தது. சின்ன வயதில் நாம் போன முகாமில் நீ நீல அணித் தலைவன், நான் மஞ்சள் அணி. ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒரே அணியில் விடுவதில்லை என்பது அந்த முகாமின் சட்டம். காலையில் கயிறு இழுத்தோம், மதியம் சாக்குக்குள் குதித்தோம். சாயங்காலம் இரண்டு அணியும் சமம். மிச்சம் இருந்தது தொடர் ஓட்டம் ஒன்றுதான்.

எங்கள் அணியில் மூன்றாவதாக நான் ஓடினேன், முதலாவதாகவும் வந்தேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கடைசி ஓட்டக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டி நின்றார்கள். எங்கள் ஒல்லிப்பயலும் நின்றான், பக்கத்தில் நீயும் நின்றாய். நான் நேராக வந்து மஞ்சள் குச்சியை உன் கையில் வைத்தேன்.

வேறென்ன செய்வேன்? பள்ளிப் பை கனத்தால் உன்னிடம், நனைந்த குடை உன்னிடம், கடித்துப் பிடிக்காமல் போன பழமும் உன்னிடம். எனக்கு அதுதானே பழக்கம். நீயும் வாங்கிக்கொண்டு ஓடினாயே, அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகுதான் கையைப் பார்த்தாய். உங்கள் ஆள் நீலக் குச்சியோடு வாயைப் பிளந்து நின்றான்.

கோப்பை யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நூறு பேர் சாப்பிட்ட தட்டுகளை நாம் இரண்டு பேரும் கழுவினோம். உன் அணிப் பையன்கள் முகாம் முடியும்வரை உன்னோடு பேசவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. விசில் மாஸ்டர் வந்து, "அவன் சின்னப் பையன், குடுத்துட்டான். நீ ஏன்டா வாங்கின?" என்று கேட்டார். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்:

"அவன் நீட்டினா நான் வாங்கிக்குவேன் சார்."

அண்ணா, என் சிறுநீரகம் உனக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொல்லிப் பத்து நாளாகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு நான் நன்றாகவே இருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரி சம்மதித்து, எனக்கு முன்னால் பையைக் கட்டி வைத்திருக்கிறாள். நீ மட்டும், தம்பியிடம் வாங்கித்தான் பிழைக்க வேண்டுமா என்று அண்ணியிடம் சொன்னாயாம். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு படுத்துக் கிடந்து யாருக்காக இந்த ரோஷம்? எச்சில் பழத்தை வாங்கியபோது எங்கே போயிருந்தது?

நீ இல்லாமல் எனக்கு முடியாது. இதை நேரில் சொல்ல வராது, அதனால் எழுதிவிட்டேன்.

நான் ஓடி வந்துவிட்டேன், மூச்சு வாங்குகிறது. நீ திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். கையை மட்டும் பின்னால் நீட்டு.

இப்படிக்கு,
மஞ்சள் அணித் தம்பி