கிராணி கற்றுத் தந்த சொல்

என் ஆசை அண்ணனுக்கு,

சயாமில் ரயில் பாதை போடப் போன உன்னை அங்கேயே புதைத்துவிட்டார்களாம். தப்பி வந்த பக்கத்து வீட்டு மாமா சொன்னார். அதன் பிறகு நான் அழவில்லை. எனக்கு வேறு வேலை இருக்கிறது.

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இப்போது ஜப்பான் மொழிதான் பாடம். சாயங்காலத்தில், ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் எங்களுக்கும் வகுப்பு. வாத்தியார் யார் தெரியுமா? தோட்டத்துக் கணக்கெழுதும் நம் கிராணிதான். "இவளப் பாருங்க லா, எப்படிப் படிக்கிறா" என்று என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டுகிறார்.

அன்று காலைப் பெரட்டில், பேர் கூப்பிட எல்லாரும் வரிசையில் நிற்க, நீ ஜப்பான் அதிகாரியின் முன்னால் போய் நின்றாய். "ஐயா, அரிசி வந்து ரொம்ப நாளாச்சு. பிள்ளைங்க மரவள்ளிக்கிழங்கத் தின்னு வயிறு வீங்கிக் கிடக்குதுங்க" என்றாய். கிராணி அதை ஜப்பான் மொழியில் சொன்னார். சொல்லும்போது உன்னைக் கைகாட்டி, "தொரொபோ, தொரொபோ" என்றார். அதிகாரி உன்னைக் கன்னத்தில் அறைந்தான். மறுநாள் சயாமுக்குப் போகும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அரிசி கேட்டதற்கா இவ்வளவு கோபம் என்று நானும் நினைத்தேன்.

போன மாதம் வகுப்பில் கிராணி கரும்பலகையைத் தட்டினார். "தொரொபோன்னா திருடன். எல்லாரும் சொல்லுங்க." எல்லாரும் சொன்னார்கள். அன்று உன்னைக் கைகாட்டி அவர் சொன்ன அதே சொல். நம் அரிசியைச் செர்டாங் டவுன் கடைக்கு வண்டி வண்டியாக விற்றது அவர். அது தோட்டத்துக்கே தெரியும், அதிகாரிக்குத்தான் தெரியாது. அரிசி திருடிய பழியை உன் தலையில் போட்டுவிட்டார், அண்ணே.

"படிச்சவரு, நம்ம நல்லதுக்குத்தான் பேசியிருப்பாரு" என்று அம்மா இன்னும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறாள். படித்தால் நல்லது கெட்டது தெரியும் என்பாயே, அவருக்குத் தெரியாதா? தெரிந்துதானே செய்தார்? நம் பேச்சை இன்னொருவன் வாயில் கொடுத்து ஏமாறாமல் இருக்கத்தான் படிப்பு என்று இப்போது நினைக்கிறேன். அதற்காக மட்டும் நான் படிக்கவில்லை. அந்த ஆளை ஒழிக்கவும் படிக்கிறேன்.

அடுத்த வாரம் அதே அதிகாரி வருகிறான். வரவேற்புச் சொல்லக் கிராணி என்னைத்தான் நிறுத்தியிருக்கிறார். குனிந்து வணங்கி, அவர் மனப்பாடம் செய்ய வைத்ததைச் சொல்வேன். பிறகு அவரையே கைகாட்டி, ஜப்பான் மொழியிலேயே அரிசி, கடை, விற்றார், தொரொபோ என்பேன். எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தவைதான்.

என்னையும் லாரியில் ஏற்றலாம். ஏற்றட்டும். உன் கன்னத்தில் விழுந்த அறை அவர் கன்னத்தில் விழுவதைப் பார்க்காமல் நான் ஏற மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி