குச்சி விறகு

ஆகஸ்ட் 5

பேருந்து என்னைச் சாலை முடிகிற இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. "தனியாவா?" என்று ஓட்டுநர் கேட்டார். ஆமாம் என்றேன், கொஞ்சம் கூடுதல் பெருமையோடு. ஹார்டாங்கர் பீடபூமியைக் குறுக்கே நடந்து கடக்கப்போகிறேன். பேச்சுத்துணை கிடையாது. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்து, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே இத்தனை வருடம் பேசித் தீர்த்துவிட்டேன். கொஞ்ச நாள் இந்த வாய் சும்மா இருக்கட்டுமே.

கிளம்பும்போது டோர்லைஃப், "அங்க சிக்னல் கிடைக்காதே" என்றான். "அதுக்குத்தான் போறேன்" என்றேன். முகம் வாடியது போல் நடித்தான். நான் தெரு திரும்புவதற்குள் சோபாவில் கால் நீட்டியிருப்பான். என் கணவனை எனக்குத் தெரியாதா?

முழங்கால் வரை சேறு. கொசுக்கள் குடும்பத்தோடு வந்து வரவேற்றன. நடப்பவர்கள் தங்கிப்போகிற முதல் குடிலை அடைந்தபோது தொப்பலாக நனைந்திருந்தேன். நல்லவேளை, விறகுப் பெட்டி நிறைந்திருந்தது. போகிறவர் தரையைப் பெருக்கி, பெட்டியை நிரப்பிவிட்டுத்தானே கதவைச் சாத்துவார்.

ஆனால் பெட்டிக்குள் விறகா இருந்தது? குச்சி! தீக்குச்சிக்கு அண்ணன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அடுப்பில் போட்டால் படபடவென்று எரிந்து, நான் காலுறையைக் கழற்றுவதற்குள் சாம்பலாகிவிடுகிறது. எந்தப் புண்ணியவான் வெட்டினானோ. கோடரியைக் கையில் எடுத்தவன் பென்சில் சீவிவிட்டுப் போயிருக்கிறான்.

கிளம்பும் முன் மணிக்கட்டுத் தடிமனில் நானே வெட்டி நிரப்ப வேண்டும். மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆகஸ்ட் 6

மழை. காலுறை ஈரம். வேறு செய்தி இல்லை.

ஆகஸ்ட் 7

இரண்டாவது குடில். அடுப்பில் இன்னும் சூடு இருக்கிறது. பெட்டியைத் திறந்தேன் — மறுபடியும் குச்சி! இந்த முறை இன்னும் மெலிசு. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

குச்சிகள் எல்லாம் ஒரே நீளம். சொல்லி வைத்தது போல மேலே ஒரு வரிசை நேராக, அடுத்த வரிசை குறுக்காக. கோப்பைகள் எல்லாம் கைப்பிடி சுவரைப் பார்க்கத் தொங்குகின்றன.

உலகத்தில் இப்படிச் செய்கிறவள் ஒருத்திதான். ஓஸ்னே. என் தங்கை.

நாலு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. காரணம் முல்ட்டே என்கிற காட்டுப் பழம். அது விளையும் சதுப்பு ஒன்றை அம்மா எங்கள் இருவருக்கு மட்டும் காட்டியிருந்தாள். அப்பாவுக்கே தெரியாது. முல்ட்டே இருக்கும் இடத்தைப் புருஷனிடம் சொல்கிறவள் உண்டா? டோர்லைஃப் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், நான் வாயைத் திறந்தேனா? இவள் அந்த டேனிஷ்காரன் ப்ரேபெனைக் கல்யாணம் செய்த அடுத்த கோடையிலேயே சொல்லிவிட்டாள். அவன் சும்மா இருந்தானா? ஒன்றுவிட்ட தம்பிகளையெல்லாம் வாளியோடு கூட்டிக்கொண்டு போய்ச் சதுப்பையே மொட்டையடித்துவிட்டான். அதிலும் சிவப்புப் பழமாகப் பார்த்துப் பறித்திருக்கிறான். சிவப்பு காய், பொன்னிறம்தான் கனி என்பது எங்கள் ஊர்க் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். மேட்டையே பார்க்காத நாட்டிலிருந்து வந்தவனுக்கு எப்படித் தெரியும்? "செவப்புன்னா பழுத்ததுதானே அண்ணி?" என்று என்னிடமே கேட்டான்!

அன்றைக்கு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். அதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒற்றுமை.

இப்போது ஏன் இவள் இங்கே? அலமாரியில் குடிலின் பதிவேடு இருக்கிறது. புரட்டினால் அவள் பெயர் இருக்கும். புரட்ட மாட்டேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும்தான். சின்னவளுக்கு ஐம்பது வயதாகும் கோடையில் இருவரும் சேர்ந்து இந்தப் பீடபூமியைக் கடப்பது என்று எப்போதோ பேசி வைத்திருந்தோம். போன மார்ச்சில் அவளுக்கு ஐம்பது. நான் வாழ்த்துகூட அனுப்பவில்லை. 'தனியாக நடக்கப் போகிறேன்' என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவளும் அவள் ஊரில் அதையேதான் சொல்லியிருப்பாள்.

நாளைக்கு இங்கேயே உட்கார்ந்துவிடப் போகிறேன். அவள் முன்னால் போகட்டும். இல்லாவிட்டால் நான் பின்னாலேயே ஓடி வந்தேன் என்று நினைத்துக்கொள்வாள்.

(பிறகு) முந்தின ராத்திரியைக் கூடாரத்தில் கழித்துவிட்டு எதிர்த்திசையிலிருந்து ஹெர்டிஸ் என்ற பெண் வந்து சேர்ந்தாள். எழுபது வயதிருக்கும், நடையைப் பார்த்தால் நாற்பது. நகரப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்க்கிற ஜனம்தான் நாங்கள். மலைக்கு வந்துவிட்டால் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவோம்.

என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "வழியில உன் மூக்கைப் பார்த்தேன்" என்றாள்.

"என்னது?"

"இதே மூக்கு. வேற மூஞ்சியில. கால் சுளுக்கிக்கிட்டு நொண்டி நொண்டிப் போறா. 'திரும்பிடும்மா, ஆத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு'ன்னேன். 'எனக்குத் தெரியும்'னுட்டா. உனக்குச் சொந்தமா?"

"இல்லை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஹெர்டிஸ் அடுப்பில் ஒரு பிடி குச்சியை அள்ளிப் போட்டாள். "யாரு வெட்டினது இது? நல்லாப் பத்திக்குதே!" என்றாள். கோபம் வந்தது. என் தங்கையின் விறகைப் பாராட்ட இவள் யார்? அப்புறம் சிரிப்பும் வந்தது.

ஆகஸ்ட் 8

உட்காரவில்லை. கிளம்பிவிட்டேன். வானிலை நன்றாக இருந்தது, அதனால்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

அது பொய்.

ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பாலம் கிடையாது. இறங்கித்தான் கடக்க வேண்டும். கைத்தடியை ஊன்றி இறங்கினேன். இடுப்பு வரை தண்ணீர். கால்கள் என்னுடையவையா என்றே தெரியவில்லை. இரண்டு நல்ல கால் இருக்கிற எனக்கே இந்தக் கதி. ஒன்றரைக் கால் உள்ளவள்?

அக்கரையில் மூன்றாவது குடில். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். விறகுப் பெட்டிதான் முதலில் கண்ணில் பட்டது.

காலி.

அடியில் கொஞ்சம் பட்டை. அடுப்பைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. கோப்பைகளின் கைப்பிடிகள் மூலைக்கு ஒன்றாகத் திரும்பியிருந்தன. அவள் இங்கே வரவே இல்லை. வந்திருந்தால், காலே உடைந்திருந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து வெட்டிவைத்துவிட்டுத்தான் போயிருப்பாள், அந்தப் பைத்தியம். ஒரு குச்சி, ஒரே ஒரு குச்சி கிடந்திருக்கக் கூடாதா?

பையைப் போட்டுவிட்டுத் திரும்பவும் ஆற்றுக்குப் போகிறேன். ஏன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்? ஆற்றுக் குளிரில் விரல் விறைத்துக் காலணிக் கயிறு கட்ட முடியவில்லை, அதனால்தான் — போ, போடி —

ஆகஸ்ட் 9

நேற்று மாலை ஆற்றை இரண்டாவது முறை கடந்தேன். கரையோரமாகவே கீழே நடந்தேன். தண்ணீரில் கிடந்த கல் ஒவ்வொன்றும் அவள் முதுகு போலத் தெரிந்தது. இவ்வளவு பயம் என் பிள்ளைப்பேற்றின்போதுகூட இருந்ததில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நாலு வருடமாகச் சொல்லாத பெயர்.

அப்போது பாதையிலிருந்து தள்ளி, ஒரு மேட்டுக்குப் பின்னால், ஒரு பச்சைத் தொப்பி குனிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குனிந்தது. ஆகஸ்ட் மாதச் சதுப்பில் ஒருத்தி குனிந்து நிமிர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சுளுக்கிய காலைக் குளிர்ந்த ஊற்றில் விட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து நகர்ந்து பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னக் கூடாரம். மடியில் கஞ்சிப் பாத்திரம் நிறைய, பொன்னிறத்தில், முல்ட்டே.

"என்னக்கா, இவ்ளோ லேட்டா வர்றே?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக் கத்தினேன். "செத்துட்டியோன்னு நெனச்சேன்டி! ஒரு குரல் குடுக்க மாட்டே? இந்தப் பக்கமாத்தானே போனேன்!"

"பார்த்தேன். கூப்பிடத்தான் நெனச்சேன். வாய் நெறைய பழம்."

"ஓஸ்னே!"

"சரி, சரி. கொஞ்சம் ரோஷமும் இருந்துச்சு. தலையக் குனிஞ்சிக்கிட்டு அவ்ளோ வேகமாப் போனே. வேற யாருக்காகவோ ஓடுறியோன்னு நெனச்சேன்."

"உனக்காகத்தான்டி, கழுதை."

மறுபடி பறிக்கத் தொடங்கினாள். நானும் உட்கார்ந்து பறித்தேன். பிறகு அவளே சொன்னாள். "டோர்லைஃப் எந்தத் தேதியில நீ கெளம்புறேன்னு ப்ரேபென்கிட்ட சொன்னான். அவங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிறாங்க, தெரியுமா? அதான் ஒரு நாள் முன்னாடி கெளம்பினேன். இல்லாட்டி நான் எதுக்குக் குச்சியை அவ்ளோ மெலிசா வெட்டணும்? வழக்கத்தைவிட பாதி."

"வேணும்னேவா?"

"நீ திட்டுவேன்னு தெரியும். திட்டினாத்தான் நான்னு கண்டுபிடிப்பே."

நாலு வருடம் நான் தேடிக்கொண்டிருந்த வார்த்தையை இவள் கோடரியால் சொல்லிவிட்டாள்.

இன்று காலை தண்ணீர் வடிந்தது. அவளைத் தோளில் தாங்கி மூன்றாவது முறை ஆற்றில் இறங்கினேன். நடு ஆற்றில் நின்று, "இந்த இடத்தை டோர்லைஃப்கிட்ட சொல்லிடாதே" என்கிறாள். இவள் சொல்கிறாள்! எனக்கு! தண்ணீரில் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

ஆகஸ்ட் 10

நாள் முழுக்கக் குடிலில். அவள் கால் வீக்கம் குறைகிறது, வாய் குறையவில்லை. கஞ்சியில் முல்ட்டே போட்டு இரண்டு வேளை சாப்பிட்டோம். பேசாமல் நடக்க வந்தவள் என்று யாரோ எழுதியிருந்தார்களே, மேலே.

ஆகஸ்ட் 12

கிளம்பும் நாள். அந்தச் சதுப்பு எங்கே என்று இங்கே எழுதப் போவதில்லை. டோர்லைஃப் இதைப் படிப்பான். (படிக்கிறாய்தானே? ப்ரேபெனிடம் சொன்னதற்கு நன்றி. சோபாவிலிருந்து எழுந்து பாத்திரத்தைக் கழுவு.)

தரையை நான் பெருக்கினேன். கோப்பைகளை அவள் மாட்டினாள், கைப்பிடி சுவரைப் பார்க்க. கோடரி ஒன்றுதான் இருந்தது, அதனால் முறை வைத்து வெட்டினோம். ஒருவர் வெட்டுவதை இன்னொருவர் குறை சொல்லிக்கொண்டே இருந்தோம்.

பெட்டி நிறைந்துவிட்டது. இடது பக்கம் மணிக்கட்டுத் தடிமன். வலது பக்கம் பென்சில். அடுத்து வருகிறவர் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்.