தபால் கந்தையாவின் மகன்

14 நவம்பர் 2010, ஞாயிறு

லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையில் இன்று தமிழ் வலைப்பதிவர்கள் கூடினோம். பின்னூட்டங்களில் வசை பெருகிவிட்டதாம். இனி எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுதவேண்டுமாம். மறுப்பவரை வலைப்பதிவுகளின் பொதுப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களாம்.

"புனைபெயரில எழுதுறதும் மொட்டைக்கடிதமும் ஒண்டுதான், அண்ணை," என்றான் கூட்டத்தை நடத்திய பதிவர் தம்பி. இங்கேயே பிறந்தவன்.

"போருக்குள்ள ஆமி செய்ததுகளைப் பற்றி நான் எழுதுறதுக்கு என்ர பேரைப் போட்டால், ஊரில தங்கச்சி வீட்டுக்குத்தான் ஆமி போகும். நீக்கிறதெண்டால் நீக்கு."

சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

வாசலில் ஒரு பெரியவர் கையைப் பிடித்தார். "முகவெட்டு அப்பிடியே கிடக்கு! நீங்கள் தபால் கந்தையாவின்ர மகன் எல்லோ?" கடை முழுக்கக் கேட்டது. கூட்டத்தைப் பதிவுசெய்த தம்பியின் கமெரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

மறுத்திருக்கலாம். இந்த நாட்டுக்கு வந்தபின் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை ஒருவரும் விசாரித்ததில்லை. "ஓம்" என்றேன், சத்தமாகவே.

காலையில் தம்பி வீடியோவை இணையத்தில் ஏற்றிவிடுவான். அப்பாவின் பெயர் வரும் அந்தத் துண்டை வெட்டச் சொல்லி அவனிடமே கேட்கவேண்டும். போனை இரண்டு தரம் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். தங்கச்சிக்காகக் கேட்கத்தான் போகிறேன். அதற்காகச் சொந்தப் பெயரில் எழுதுவேன் என்று மட்டும் அவன் நினைக்கக் கூடாது.