எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஓடிய மீட்டர்

அக்கா,

இன்று காலை மகள் அரை ஈரப் பாவாடையில் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பி, வெந்த கஞ்சிப்பசை வாசனை வீடெங்கும் பரவியது. உங்கள் வெள்ளை நர்ஸ் யூனிஃபார்மின் வாசனை. கையிலிருந்த காப்பியை முந்தானையில் கொட்டிக்கொண்டேன். நீங்கள் காலமான செய்தி காரியாபட்டியிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. அழுது தீர்த்துவிட்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லித் தீர்க்கவில்லை.

சிவகாசியில் முன்பக்கம் நீங்கள், பின்பக்கம் நாங்கள், நடுவில் ஒரு பூட்டிய அறை. அறை வீட்டுக்கார அண்ணாச்சிக்கு. அவர் அடுத்த தெருவில் இருந்துகொண்டு பட்டாசுக் கம்பெனிகளுக்குக் கருமருந்து தடவிய திரி செய்து கொடுத்துவந்தார். மூன்றுக்கும் சேர்த்து நடையில் ஒரே மீட்டர். தெருவில் யார் வீட்டுக் குழம்பு தீய்ந்தது என்பதுவரை தெரிந்த எனக்கு அந்த அறைக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. அவ்வளவுதான் என் துப்பறியும் லட்சணம்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. கரண்டு பில்லை விசிறிபோல ஆட்டிக்கொண்டு அண்ணாச்சி வந்தார்.

“என்ன நர்ஸம்மா, கரண்டைக் குடிக்கீகளா? போன தடவைக்கு மூணு பங்கு வந்திருக்கு. எல்லாம் உங்க இஸ்திரிப் பெட்டி பண்ற வேலை. இது சரிப்படாது, வேற வீடு பாத்துக்கோங்க.”

“பெட்டி எம்புட்டு தின்னுதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி. பெறகு பேசுங்க,” என்றீர்கள்.

உங்களுக்குக் கணக்கு; எனக்குப் பயம். ஈர விறகோடு மல்லுக்கட்ட முடியாமல் நான் ஒரு மின்சார அடுப்பு வாங்கிக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்திருந்தேன். கரண்டு அடுப்பு வைத்தால் மறுநாளே வெளியேற்றிவிடுவேன் என்பது அண்ணாச்சி முதல் நாளே போட்ட சட்டம். ஊரார் ரகசியத்தைப் பத்து வீடு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பவள், என்னுடையதைப் பாயால் மூடி வைத்திருந்தேன்.

மறுநாள் காலை நாடி பார்க்கிற கைக்கடிகாரத்தோடு மீட்டர் முன்னால் நின்றீர்கள். மீட்டருக்கே காய்ச்சல் வந்ததுபோல அத்தனை அக்கறை. சக்கரம் ஆயிரத்து இருநூறு முறை சுற்றினால் ஒரு யூனிட் என்று தகட்டில் எழுதியிருந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றாகச் சுவிட்சைப் போட்டேன். அறுபது வாட்ஸ் பல்புக்கு நிமிடத்தில் ஒரு சுற்றும் கொஞ்சமும். இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்பது.

“தினம் அரைமணி நேரம் தேச்சாலும் மாசத்துக்கு ஏழு யூனிட்டுக்குள்ளதான் புள்ள. சரி, எல்லாத்தையும் அணை.”

அணைத்தேன். சக்கரம் நிற்கவில்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. அடுப்பை அணைக்க மறந்துவிட்டோமென்று உள்ளே ஓடினேன். பாயை விலக்கிப் பார்த்தால் அது குளிர்ந்து கிடந்தது. திரும்பி வந்தபோது, ஏன் ஓடினாய் என்று நீங்கள் கேட்கவில்லை. சக்கரத்தின் சிவப்புக் கோட்டையே பார்த்து எண்ணிக்கொண்டிருந்தீர்கள். நானும் எண்ணினேன்.

“நாலு. அப்படின்னா இருநூறு வாட்ஸ். நம்ம ரெண்டு வீட்டுலயும் அம்புட்டுப் பெரிய பல்பு ஏது?”

நடு அறைச் சுவரில் கையை வைத்தீர்கள். அத்தனை மழையிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் அறை; திரியைத் தவிர வேறென்ன இருக்கும்? இந்தப் பக்கம், என் மகளின் தொட்டில்.

“பிள்ளையத் தூக்கிட்டுத் தெருவுக்குப் போ. ஓடாத. நட.” மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். பழக்க தோஷத்தில் நாடி பார்க்கிறீர்களாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நடுங்கியது உங்கள் கை.

எதிர்வீட்டுக்காரர் போய் அண்ணாச்சியை அனுப்பிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விட்டார். அவர் பூட்டைத் திறந்தபோது கூட நின்றது நாம் இருவர்தான்; உள்ளிருந்து அனல் அடித்தது. கொடிகளில் திரிக்கட்டுகள், நடுவில் பானையளவு பல்பு. ஒரு கட்டு அவிழ்ந்து பல்புக்கு நாலு விரல் தள்ளித் தொங்கியது. அதைச் சுற்றியிருந்த காகிதம் கருகத் தொடங்கியிருந்தது.

“சீசன் ஆர்டரு. வெயிலு இல்ல, திரி காயணும்லா?” என்றார் அண்ணாச்சி. “தீயவா வச்சேன்? பல்புதானம்மா!”

தெருவில் ஒருவன் பீடி பற்றவைத்தால் அடிக்கப் போகிற மனிதர். கண்ணாடிக்குள் இருப்பது வெளிச்சம்தான், நெருப்பல்ல என்று முழுமனதாக நம்பினார்.

மதியத்துக்குள் எல்லாவற்றையும் வேறெங்கோ ஏற்றிவிட்டார். சாயந்தரம் தெருவே கூடி நிற்க, அந்த அறையில் பல்பே கிடையாது, பில் ஏறியது நர்ஸம்மா பெட்டியால்தான் என்று சாதித்தார். நீங்கள் என்னைக் காட்டினீர்கள். “இவளும்தான் கூட நின்னு பாத்தா. கேளுங்க.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியாம்மா?”

பார்த்தேன் என்றால் பேச்சு முற்றி, யார் கரண்டைத் தின்றது என்று இரண்டு வீட்டையும் சோதனை போடுவார்கள், கட்டிலுக்கடியில் கை வைப்பார்களே என்ற ஒரே நினைப்பு. “எனக்குக் கணக்கெல்லாம் வராது அண்ணாச்சி,” என்றேன்.

என் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பிக் காப்பாற்றியவரைப் பார்த்துச் சொன்னேன் அதை.

மூன்றாம் நாள் மாட்டுவண்டியில் உங்கள் பெட்டி படுக்கை ஏறியது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்களே உள்ளே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னீர்கள்: “ஏ புள்ள, அடுப்பைக் கட்டிலுக்குக் கீழ வைக்காத. பாயி பத்திக்கிடும்.”

உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அந்த அடுப்பு என்ன தின்றதென்று பிறகு நானே உங்கள் முறைப்படி எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு இருபது சுற்று. உங்கள் பெட்டியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதை நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டியில் ஏறியிருப்பது நான்.

இன்றும் வெளியூர் கிளம்பும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் நிற்கிறேன். சக்கரம் நின்றாலும் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் கால் நகராது. வீட்டில் கேலி செய்கிறார்கள். நானும் கூடச் சிரித்துவைக்கிறேன். அன்று அண்ணாச்சிக்குச் சொல்லாத பதிலை மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கேட்க வேண்டிய இருவரில் அண்ணாச்சியும் போய்விட்டார், நீங்களும் போய்விட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

பார்த்தேன், அண்ணாச்சி. அந்த அறையில் பல்பு எரிந்தது. நர்ஸம்மா சொன்னது சரி.