லோரியில் வந்த உன் குரல்

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மழை வரும் போலிருந்தது. தெருமுனையில் தேர்தல் லோரி ஒன்று திரும்பியது. ஒலிபெருக்கி கரகரத்தது. அப்புறம் நீ பேசினாய்.

"கிள்ளான் வாழ் அன்புள்ளங்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்..."

நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு வாய்க்கரிசி போட்டவர்களில் நானும் ஒருத்தி. கையிலிருந்த பெட்ஷீட் தரையில் விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். லோரி உன் வீட்டு வாசலில் கொஞ்சம் வேகம் குறைத்தது, அங்கே வேகத்தடை மேடு இருக்கிறதல்லவா, அதனால்தான். ஆனால் எனக்கு என்னவோ நீ இறங்கி வரப்போகிறாய் என்று தோன்றியது.

குரல் உன்னுடையதுதான். 'அன்புள்ளங்களுக்கு' என்று இழுத்து நிறுத்துகிற அந்த ராகத்தை வேறு யாரால் கொண்டுவர முடியும்? ஆனால் அது மூச்சு வாங்கவில்லை. நீ ஆஸ்துமாக்காரி. ஒவ்வொரு அறிவிப்புக்கும் நடுவில் மைக்கில் உன் இழுப்பு கேட்கும். இது தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரு தடவைகூட மூச்சை உள்ளே இழுக்காமல் பேசிக்கொண்டே போனது.

எதிர்வீட்டு மீனாட்சி கேட்டருகே வந்துவிட்டாள். "பத்மாக்கா, நம்ம அக்கா குரல்தானே அது? எப்பவோ பேசிக் கொடுத்திருக்காங்க போல. அக்காவே அவர் கூட இருந்தாங்கன்னா நல்ல மனுசனாத்தான் இருக்கணும்லா. எங்க வீட்டு ஓட்டு எல்லாம் அவருக்கேன்னு முடிவு பண்ணிட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ அவனோடு எங்கேயடி இருந்தாய்?

கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, எதுவானாலும் அறிவிப்பாளர் நீதான். காணாமல் போன பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லித் தாயைக் கூப்பிட்டவள் நீ. வழியை மறித்து நிற்கிற காரின் நம்பரைச் சொல்லி, அதன் சொந்தக்காரன் மானத்தை வாங்கியவளும் நீ. தேர்தல் நெருங்கினால் இந்த மேடைகளுக்கெல்லாம் வேட்பாளர்கள் வருவார்கள். அவர்களை வரவேற்கவேண்டியது உன் வேலை என்பதால், கூட வந்தவர்கள் யார் யார் என்று நீ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வாய். அங்கேதான் உனக்கு எல்லாமே தெரிந்துவிடும். மேடையில் இருக்கிறவன் எப்படியும் சிரிப்பான், பின்னால் நிற்கிறவன் முகத்தைப் பார் என்பாய்.

ஒருமுறை வேட்பாளர் ஒருத்தர் நம் தெருப் பெண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு நீ மாலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்கள், சாக்கடை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மேடைக்குப் பக்கத்திலேயே வைத்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். நான் முகத்தைச் சுளித்தேன். நீ மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதில் சொன்னாய்: "திட்றதுக்குன்னு ஆள கூடவே வச்சிருக்காண்டி. இவனுக்கே ஓட்டுப் போடலாம்." போட்டோம். சாக்கடையும் சரியானது. உன் கணக்கு எப்போதும் சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன். நல்ல கூட்டத்தோடு வந்த ஒருவர் ஜெயித்த கையோடு கட்சி மாறினார். ரெண்டு நாள் நீ யாரோடும் பேசவில்லை.

இப்போது லோரியில் உன் குரலை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறானே, இவன் அப்போது வியாபாரிதான். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் ஒரு பரிசளிப்பு விழா. இவன்தான் சிறப்பு விருந்தினர். இவனுக்குப் பின்னால் இருட்டு நிறச் சட்டையில் இரண்டு பேர். நீ போய்ப் பெயர் கேட்டாய். ஒருத்தன் தலையை மட்டும் அசைத்தான். இன்னொருத்தன், "எங்க பேரெல்லாம் வேணாம்" என்றான். நீ மைக்குக்கு வந்தாய், மூச்சை இழுத்தாய். "நம் சிறப்பு விருந்தினரையும், அவருடன் வந்திருக்கும், பெயர் சொல்ல விரும்பாத இரு நண்பர்களையும் வருக வருக என வரவேற்கிறோம்." மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்த இரண்டு பேரும் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார்கள். இவன் முகத்தில் ஈயாடவில்லை.

லோரியில் உன் குரலைக் கேட்ட மறுநாள் சாயங்காலம் நான் திடலில் போட்டிருந்த தேர்தல் கூடாரத்துக்குப் போனேன். ஒலிபெருக்கி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் யார் தெரியுமா? உன் மகன் தினேஷ். பூச்சோங்கிலிருந்து தினமும் வருகிறானாம்.

"அம்மாவோட பழைய ரெக்கார்டிங் எல்லாம் எங்கிட்ட இருந்துச்சு ஆன்டி. அத வச்சுத்தான் செஞ்சேன். இப்ப என்ன டைப் பண்ணாலும் அம்மா பேசுவாங்க." அவன் கண்ணில் கள்ளமில்லை. "அம்மா காரியத்துக்கு இவர் வந்து கடைசி வரைக்கும் நின்னார். நீங்களும் பாத்தீங்கதானே?"

பார்த்தேன். கேமராக்காரனும் கூட நின்றான்.

"அந்த இழுப்பு எங்கடா போச்சு?" என்று கேட்டேன்.

"கேக்க ஒரு மாதிரி இருக்குன்னாங்க. எடுத்துட்டேன்."

நான் சண்டை போடத்தான் போனேன். அவன் எதையோ தட்டினான். பக்கத்திலிருந்த சின்ன ஸ்பீக்கரில் நீ சொன்னாய்: "பத்மா, வாடி, உக்காரு. சாப்பிட்டியா?"

பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்னொரு தரம் போடு என்று நானே கேட்டேன். போட்டான். "ஃபோன்ல ஏத்தித் தரேன் ஆன்டி, தெனமும் பேசலாம்" என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போனபிறகு என்னிடம் சாப்பிட்டியா என்று கேட்க யாரும் இல்லை.

அப்போது வெளியே கார்கள் வந்து நின்றன. "ஒய்பி வந்துட்டாரு" என்று யாரோ கத்தினார்கள். தேர்தலே நடக்கவில்லை, அதற்குள் ஜெயித்தவர்களுக்கான 'மாண்புமிகு' மரியாதை. அவன் உள்ளே வந்தான், கும்பிட்டான். பின்னால் இருட்டு நிறச் சட்டையில் இரண்டு பேர். அதே இரண்டு பேர்தானா, அதே மாதிரி வேறு இரண்டு பேரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் உனக்கும் தலை நரைத்தது. அவர்களுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை.

நான் தினேஷிடம் பிரிக்பீல்ட்ஸ் கதையைச் சொன்னேன். அவன் அதைக் கேட்டதே இல்லை. எழுந்து நேரே அவர்களிடம் போனான். "பாஸ், வரவேற்புல சேத்துக்கணும், உங்க பேர் சொல்லுங்க." ஒருத்தன் தலையை அசைத்தான். இன்னொருத்தன் சிரித்தபடி, "எங்க பேரெல்லாம் வேணாம் லா" என்றான். தினேஷ் திரும்பி வந்து உட்கார்ந்து தட்டச்சு செய்தான்.

திடல் முழுக்க நீ ஒலித்தாய். "நம் வேட்பாளரையும், அவருடன் வந்திருக்கும், பெயர் சொல்ல விரும்பாத இரு நண்பர்களையும் வருக வருக என வரவேற்கிறோம்."

நான் காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை. கை தட்டினார்கள். அத்தனை பேரும் தட்டினார்கள், கூட்டத்தில் நின்ற மீனாட்சியும்தான். உன் குறும்பெல்லாம் போய், அதே வார்த்தைகள் அவனுக்கு நிஜமான வரவேற்பாகவே விழுந்தன. அந்த இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

தினேஷ் கம்ப்யூட்டரை மூடிப் பைக்குள் வைத்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். நானும் எழுந்தேன். வேட்பாளர் என் பக்கத்தில் வந்து, மிகவும் தணிவாக, "ஆன்டி, தினேஷ் கிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்களே, கேட்டேன். உங்க குரலும் நல்லாத்தான் இருக்கு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இதை எழுதும்போதும் லோரி கிள்ளானைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தினேஷ் எடுத்துக்கொண்டு போனால் என்ன, அவர்களிடம் நகல் இருக்கிறது. தினேஷ் ஃபோன் செய்து அழுதான். அவனை நான் திட்டவில்லை. அன்றிலிருந்து தெரியாத நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வருகிறது. எடுத்தால் அந்தப் பக்கம் யாரும் பேசுவதில்லை, நான் பேசுவதற்காகக் காத்திருக்கிறார்கள். நானும் பேசாமல் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஆனால் வாயை மூடிக்கொண்டு எத்தனை நாள் கிடப்பது? நேற்றிலிருந்து வீடு வீடாகப் போகிறேன். எனக்கு உன்னைப்போலப் பேச வராது, மேடையும் பழக்கமில்லை. அவன் கூட யார் வருகிறார்கள் என்று நீங்களே போய்ப் பாருங்கள், பெயரைக் கேட்டுப் பாருங்கள் என்கிறேன். நீ உயிரோடு இருந்தபோது அவனோடு இல்லை, செத்தும் இல்லை என்கிறேன். நாளைக்கு என் குரல் எந்த லோரியில் கேட்டாலும் அது நானில்லை, இப்போதே சொல்லி வைக்கிறேன் என்கிறேன். சில வீட்டில் தண்ணீர் கொடுக்கிறார்கள். சில வீட்டில் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

மீனாட்சி வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. குடைக்குள் நின்று, கேட்டுக்கு வெளியிலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு கம்பி இடுக்கு வழியாகக் கையை நீட்டி, என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். உயிர்ச்சூடு இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான் கேட்டைத் திறந்தாள்.