கையில் வைத்த சாவி

"நின்னுபோன இதயத்த எப்பிடி ஓட்டுறதுன்னு உன் பாடத்துல இருக்காய்யா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாய். பள்ளி ஆய்வகத்தில் இதயப் படத்தைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தேன். கழுத்தில் விசிலோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றாய். "நாலு அறை இருக்கு, ரெத்தம் இப்பிடி வருது அப்பிடிப் போகுதுன்னு படம் போட்டுக் காட்டுற. எங்கிட்ட ஆடுற பய ஒருத்தன் கிரவுண்டுல பொத்துன்னு விழுந்துட்டா அந்தப் படத்த வச்சு நான் என்ன செய்ய?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராதுய்யா" என்றேன். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அந்த அலமாரியின் சாவிக்கொத்து இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. தொட்டால் விரலில் இரும்பு வாடை ஒட்டிக்கொள்கிறது. சோப்புப் போட்டாலும் சட்டென்று போவதில்லை. எத்தனையோ வருடம் கழித்துப் போன வாரம்தான் இது என்னிடம் திரும்பி வந்தது. வந்த விதத்தை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், நீ விழுந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். விழுந்தது மட்டும்தானே உனக்குத் தெரியும்.

ராயப்பன்பட்டி மாதா கோயில் திருவிழாவில் ஆசிரியர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் நடக்கும் வாலிபால் ஆட்டம். நான் கரும்பலகையில் புள்ளி எழுதிக்கொண்டிருந்தேன். "கெழவன்னு நெனச்சியா? பந்தத் தூக்கி வையில!" என்று வலையருகே கத்தினாய். எம்பி அடித்தாய். பந்து வெளியே போனது. இரண்டடி நடந்து குப்புற விழுந்தாய்.

எல்லோரும் சிரித்தார்கள். "ஏலே, பாயிண்ட விட்டதுக்கு சார் நாடகம் போடுறாகடா!" என்றது ஒரு குரல். நீ அப்படி எத்தனை முறை நடித்திருக்கிறாய்! புரட்டிப் போட்ட பிறகுதான் உன் கையும் காலும் வெட்டி வெட்டி இழுப்பது தெரிந்தது.

"வலிப்புப்பா! இரும்பு குடுங்க! சாவி, சாவி!"

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைத் திணிக்கும் பழக்கத்தை நான் வகுப்பில் வருடாவருடம் கேலி செய்திருக்கிறேன். மூடநம்பிக்கைக்கு அதுதான் என் முதல் உதாரணம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்று அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. உன் விரல்களைப் பிரித்து, சாவிக்கொத்தை வைத்து, மூடிப் பிடித்துக்கொண்டேன்.

உன்னோடு ஆடிய ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "சார், மூச்சு கொறட்ட மாதிரி விட்டு விட்டு வருது. நெஞ்ச அமுக்கிப் பாப்பமா?" என்றார். "மூச்சுதான் வருதுல்லப்பா. தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும். தானாத் தெளியும்" என்றேன். அறிவியல் வாத்தியார் சொன்ன பிறகு யார் மறுத்துப் பேசுவார்கள்? எல்லோரும் விலகினார்கள். யாரோ சோடாவை உடைத்து உன் முகத்தில் அடித்தார்கள். தெளியாமல் போகவே காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு உத்தமபாளையம் பக்கம் விரைந்தோம். வழியெல்லாம் உன் கையைத்தான் பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "யாராச்சும் நெஞ்ச அமுக்குனீங்களா?"

"சாவி குடுத்தோம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பால் போனார்.

ஓய்வு பெற்றபின் அல்லிநகரத்தில் ஒரு முதலுதவி வகுப்புக்குப் போனேன். இதயம் சட்டென்று நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் போகாமல் கைகால் இழுக்குமாம். பார்ப்பவர்கள் வலிப்பு என்று ஏமாறுவார்களாம். குறட்டைபோல் விட்டு விட்டு வருவதும் மூச்சாகாதாம். அந்த நேரத்தில் நெஞ்சை அமுக்குவது, திராட்சைத் தோட்டத்தில் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு மருந்தடிப்பது போல. கை நெம்பிக்கொண்டே இருந்தால்தான் மருந்து இலைக்குப் போய்ச் சேரும். இந்த உதாரணம் எனக்கு அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே தோன்றியது. நீ கேட்ட அன்றே இதைத் தெரிந்துகொண்டு உனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் உன் கையிலிருந்து எடுத்த சாவியை உன் மனைவியிடம் கொடுத்திருந்தார்கள். மதினி அதை உன் படத்தில் மாட்டிவைத்தாக. கேட்கத் துணிவில்லாமல் நான் அலமாரிக்கு வேறு பூட்டு வாங்கினேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "கடைசி வரைக்கும் அவுக கையப் பிடிச்சிருந்தது சார்தான். சாவியெல்லாம் குடுத்துப் பாத்தாக" என்று மதினி சொல்லும்போது எனக்குத் தலை நிமிராது. அந்த நன்றியை நான் வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டேன்.

இந்த வருடம் உன் பெயரில் நடக்கும் போட்டிக்கு முன்னால் ஆட்டக்காரர்களுக்கு முதலுதவி சொல்லித்தரக் கேட்டார்கள். மதினி முன்வரிசையில் இருந்தாக. ரப்பர் பொம்மையை மண்ணில் கிடத்தினேன். கைகால் இழுப்பதைச் சொன்னேன், குறட்டை மூச்சைச் சொன்னேன். மதினி எழுந்தாக.

"சார், அவுகளுக்கும் அன்னைக்கு இப்பிடித்தான இழுத்துச்சு?"

"ஆமா மதினி."

"அப்ப, இப்பிடி அமுக்கியிருந்தா?"

ஆண்டவர் சித்தம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், மதினியும் நம்பியிருப்பாக. "பிழைச்சிருக்கலாம் மதினி. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அமுக்கியிருக்கணும். ஒருத்தர் அமுக்குறேன்னு சொன்னாரு, நான்தான் தடுத்தேன்" என்றேன்.

மதினி கைப்பையைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பொம்மையருகே மண்டியிட்டாக. "எங்கன?" என்று மட்டும் கேட்டாக. நடு நெஞ்சைக் காட்டினேன். அமுக்கினாக. போதும் என்றேன், நிறுத்தவில்லை. வியர்த்துக் கொட்டி, கை தானாக ஓய்ந்த பிறகுதான் எழுந்தாக. என்னைப் பார்க்காமலே போனாக.

மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்து சாவிக்கொத்தை என் மேசைமேல் வைத்தாக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இது உங்க சாவிதான சார், நீங்களே வச்சுக்கங்க. இனிமே யாரு கையிலயும் குடுத்துறாதீக" என்றாக. காப்பிகூடக் குடிக்கவில்லை.

நீ இருந்திருந்தால் இதற்கும் ஒரு கேலி சொல்லியிருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே போனாலும் இந்தச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன். கனமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

போட்டி மலரில் இந்த மடலைப் போடக் கேட்டிருக்கிறார்கள், ஆகவே கடைசி வரி உனக்கு இல்லை. இதை வாசிக்கிறவர்கள் இன்றைக்கே ஒரு தலையணையைத் தரையில் போட்டு, பக்கத்தில் மண்டியிட்டு, அதன் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல், கை ஓயும்வரை அழுத்தமாகவும் வேகமாகவும் அமுக்கிப் பாருங்கள்.